கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் இரண்டாம் நாள் காலை அமர்வில் ஆற்றிய உரை. பேசியதை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். மேடையில் நேரமின்றி விட்டுப்போன ஓரிரு விவரங்களை மட்டும் சேர்த்திருக்கிறேன்.)



நம் சங்கச் செயலாளர் போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டு, "லென்ஸ் வைக்கிறதைப் பத்தி இருபது நிமிஷம் பேசுப்பா. ஆனா எலும்பு டாக்டருக்கும் புரியணும்" என்றார். செயலாளரே எலும்பு டாக்டர்தான் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே படங்கள் ஏதும் கொண்டு வரவில்லை. வாயாலேயே சொல்லிப் பார்க்கிறேன். புரியாத இடத்தில் கை தூக்குங்கள்.

நாங்கள் மாணவர்களாக இருந்த 1980களின் தொடக்கத்தில் கண் வார்டு எப்படி இருக்கும் என்று எங்கள் காலத்தவருக்கு நினைவிருக்கும். கண்புரை ஆபரேஷன் என்றால் விழியின் மேல்பாதியைச் சுற்றி நீளமாக வெட்டித் திறந்து, குளிர்க் கருவியின் முனையை லென்ஸ் மேல் ஒட்ட வைத்து, உறையோடு சேர்த்து முழுசாக வெளியே எடுத்துவிடுவது. ஐஸ் குச்சியில் நாக்கு ஒட்டிக்கொள்ளுமே, அதே தத்துவம்தான். எடுத்த இடத்தில் எதுவும் வைப்பதில்லை. பிறகு பிளஸ் 10 பவரில் ஒரு கண்ணாடி. ஊர் பாஷையில் சோடாபுட்டி.

அந்தக் கண்ணாடியைப் போட்டால் எல்லாம் கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். தம்ளரை எடுக்கக் கை நீட்டினால் கை பக்கத்தில் போய் நிற்கும். நேரே பார்த்தால் வாசல் தெரியும், ஓரத்தில் வரும் சைக்கிள் தெரியாது, திடீரென்று முன்னால் முளைக்கும். ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் ஆகி மறு கண் நன்றாக இருந்தாலோ, இரண்டு கண்ணின் பிம்பமும் வேறு வேறு அளவு. மூளையால் சேர்க்க முடியாமல் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். களையெடுக்கப் போன இடத்தில் கண்ணாடி வரப்பில் விழுந்து உடைந்தால், அந்த நிமிஷமே அந்த அம்மாள் மறுபடி குருடு. எத்தனை பேர் உடைந்த கண்ணாடியை நூலால் காதில் கட்டிக்கொண்டு வந்து நின்றிருக்கிறார்கள்! "ஆபரேஷன் வெற்றி" என்று நாம் பதிவேட்டில் எழுதியதெல்லாம் இந்த வெற்றிதான்.

எடுத்த இடத்திலேயே ஒன்றை வைத்தால் என்ன என்று கேட்டது ஒரு மாணவர் என்பார்கள். பின்வரிசை கவனிக்கவும். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்டு ரிட்லி புரை எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவர், பழுதானதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றும் வைக்க மாட்டீர்களா என்ற பொருளில் கேட்டாராம். ரிட்லி மனதில் அந்த எண்ணம் முன்பே இருந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானத்தின் பெர்ஸ்பெக்ஸ் கூரை நொறுங்கி, அதன் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் பதிந்திருந்தன. கண் அவற்றோடு சண்டை போடவில்லை. சில்லுகள் பாட்டுக்கு உள்ளே கிடந்தன. அதே பொருளில் லென்ஸ் செய்து 1949 நவம்பர் 29 அன்று ஒரு பெண்மணியின் கண்ணில் வைத்தார். பவர் கணக்குத் தவறி அவருக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்தது. சக மருத்துவர்களில் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் எதிர்த்தார்கள். கண்ணிலிருந்து அந்நியப் பொருளை எடுப்பதுதான் நம் தொழில், இவர் உள்ளே வைக்கிறாரே என்று கேலி.

ரிட்லி லென்ஸ் வைத்த இடம் ஐரிஸுக்குப் பின்னால், லென்ஸின் சொந்த வீட்டிலேயே. ஆனால் அது கனமான லென்ஸ். பிடிமானம் போதாமல் சில கண்களில் நழுவியது. அதனால் பின்வந்தவர்கள் ஐரிஸுக்கு முன்னால் வைத்துப் பார்த்தார்கள். அது கார்னியாவுக்கு ஆகவில்லை. சில வருஷத்தில் கார்னியா நீர் கோத்து மங்கியது. பிறகு ஐரிஸிலேயே கிளிப் போல மாட்டிப் பார்த்தார்கள். கடைசியில் 1977இல் அமெரிக்காவில் ஷியரிங் என்பவர், இரண்டு பக்கமும் ஜே எழுத்துப் போல வளைந்த மெல்லிய கால்கள் கொண்ட லென்ஸை ஐரிஸுக்குப் பின்னால் வைத்தார். ஏறக்குறைய முப்பது வருஷம் ஊரைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட வாசலுக்கே திரும்பி வந்தது. ரிட்லிக்கு 2000இல் சர் பட்டம் கிடைத்தது, மறு வருஷம் காலமானார். முதுமையில் அவருக்கே புரை வந்து அவர் கண்ணிலும் லென்ஸ் வைத்தார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

இப்போது வீட்டைப் பற்றிச் சொல்லணும். நம் லென்ஸ் ஒரு மெல்லிய பைக்குள் இருக்கிறது. மாம்பழமும் தோலும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் தோலோடு பழத்தை எடுத்தோம். இன்றைய முறையில் தோலின் முன்பக்கத்தில் வட்டமாக ஒரு சன்னல் திறந்து, கொட்டையை எடுத்து, சதையை உறிஞ்சி, காலித் தோலை அப்படியே உள்ளே விட்டுவிடுகிறோம். அந்தக் காலிப் பைக்குள்தான் புது லென்ஸ். பையின் பின்சுவர் நடுவில் சுமார் 4 மைக்ரான் தடிப்பு. தலைமுடி ஒன்றின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கு இந்தப் பக்கம் நம் கருவிகள், அந்தப் பக்கம் விட்ரியஸ் என்ற கூழ், அதற்கும் பின்னால் விழித்திரை. லென்ஸ் வைக்கும் நுட்பம் எத்தனை பெயரில் வந்தாலும், இந்த 4 மைக்ரானைக் காப்பாற்றும் வித்தைதான் அது. லென்ஸை உள்ளே தள்ளுவது அரை நிமிஷ வேலை.

சன்னலை எப்படித் திறப்பது? நாங்கள் கற்ற காலத்தில் ஊசி முனையால் வட்டமாகக் குத்திக் குத்தி, தகர டப்பா மூடியைத் திறப்பது போலத் திறந்தோம். ஓரமெல்லாம் பல் பல்லாக இருக்கும். எந்தப் பல்லிலிருந்து கிழிசல் ஓடிப் பின்சுவருக்குப் போகும் என்று சொல்ல முடியாது. 1980களின் நடுவில் கிம்பெல், நியூஹான் என்ற இருவர் தனித்தனியே, தோலை ஒரே தொடர்ச்சியாக வட்டமாக உரித்தெடுக்கும் முறையைக் கொண்டு வந்தார்கள். ரெக்சிஸ் என்று சுருக்கமாகச் சொல்கிறோம். ஐந்து, ஐந்தரை மில்லிமீட்டர் விட்டம். ஓரம் வழவழவென்று இருப்பதால் இழுத்தாலும் கிழியாது. லென்ஸின் நடுவட்டம் 6 மில்லிமீட்டர் என்பதால் சன்னல் ஓரம் சுற்றிலும் லென்ஸ் மேல் கொஞ்சம் படிந்து, அதை நகராமல் பிடித்துக்கொள்ளும். என் தொழிலில் என் கண் முன்னால் நடந்த மாற்றங்களில் மிகப் பெரியது எது என்று கேட்டால், பேக்கோ மெஷினைச் சொல்ல மாட்டேன். இந்த வட்டத்தைத்தான் சொல்வேன்.

பேக்கோ என்பது அதிர்வு ஊசியால் கொட்டையை உள்ளேயே உடைத்து உறிஞ்சுவது. பல் டாக்டர் தன் பல்லைச் சுத்தம் செய்யும் கருவியைப் பார்த்து கெல்மன் என்பவருக்கு வந்த யோசனை, 1967இல் முதல் ஆபரேஷன். இதில் 3 மில்லிமீட்டருக்கும் குறைவான துளை போதும், மடித்த லென்ஸைக் குழாய் வழியே விடலாம். மெஷின் இல்லாத இடத்தில் வெண்விழியில் 6, 6.5 மில்லிமீட்டருக்குச் சுரங்கம் போல வெட்டி, கொட்டையை முழுசாக வழுக்கி எடுத்து, தையலே இல்லாமல் முடிக்கலாம். எஸ்.ஐ.சி.எஸ். என்கிறோம். நம் நாட்டிலும் நேபாளத்திலும் ஏழை எளியவரின் கண்களைத் திறந்ததில் இந்த முறைக்குப் பெரும் பங்கு. பேக்கோ தெரிந்தவர் அதைக் கீழாகப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. வேண்டாம். கல் போன்ற பழுப்புப் புரை வரும் அன்று உங்களைக் காப்பாற்றுவது அதுதான்.

சரி, பை காலியாகிவிட்டது. முதலில் அதைக் கண்ணாடி போன்ற பசைத் திரவத்தால் நிரப்ப வேண்டும். வாடிய பைக்குள் லென்ஸைத் திணித்தால் முன்சுவர் எது, பின்சுவர் எது என்று தெரியாது. லென்ஸின் முன்காலைக் கீழ்நோக்கிச் சாய்த்து, ஆறு மணி நிலையில் சன்னல் ஓரத்துக்கு அடியில் நுழைக்கணும். நுழைந்ததைக் கண்ணால் பார்க்கணும். "போயிருக்கும்" என்று நினைக்கக் கூடாது. பிறகு சிறு கொக்கியால் லென்ஸை மெல்ல அழுத்தி, கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால் பின்கால் தானாக உள்ளே விழும். எதிர்த்திசையில் திருப்பினால் கால் பையைக் கிழிக்கும். நேரே பார்க்கும்போது லென்ஸும் கால்களும் இசட் எழுத்துப் போலத் தெரிந்தால் சரி. எஸ் போலத் தெரிந்தால் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள். எங்கள் சீஃப் கண்ணைக்கூட நிமிர்த்தாமல், "எஸ்னா ஸ்டுப்பிட், தெரியுமில்ல?" என்பார். மறக்கவே மறக்காது.

ஒரு கால் பைக்குள்ளும் மறு கால் வெளியிலும் நின்றால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மாசக்கணக்கில் பை சுருங்கும்போது லென்ஸ் ஒரு பக்கமாக இழுபடும், அப்போது தெரியும். ஆகவே சன்னல் ஓரம் லென்ஸ் மேல் முழுவட்டமும் படிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே கையை எடுங்கள். லென்ஸுக்குப் பின்னால் தேங்கிய பசையையும் கழுவி எடுக்க வேண்டும். சோம்பல்பட்டால் அன்று ராத்திரியே கண் அழுத்தம் ஏறி, நோயாளி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இன்னொன்று: கண்ணின் நீளத்தை அளப்பதில் 1 மில்லிமீட்டர் தப்பினால் பவர் ஏறத்தாழ இரண்டரை தப்பும். வைப்பதற்கு முன் நோயாளி பெயரையும் பெட்டியிலிருக்கும் பவரையும் சிஸ்டர் உரக்கப் படிக்க, நீங்கள் திருப்பிச் சொல்லணும். வெட்கப்படாதீர்கள்.

இதுவரை சொன்னது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. இனிச் சொல்லப் போவதற்காகத்தான் செயலாளரிடம் ஒத்துக்கொண்டேன்.

1993. மதுரையில் 1992இல் ஆரோலாப் தொடங்கி, நம் ஊர் லென்ஸ் வர ஆரம்பித்த நேரம். அதுவரை வெளிநாட்டு லென்ஸ் ஒன்று 100 டாலர் அளவில் விற்றது. நம் நோயாளிக்கு எட்டாக்கனி. இங்கே சில டாலரில் கிடைத்ததும் முகாம் நோயாளிக்கும் லென்ஸ் வைக்கலாம் என்றாயிற்று. எனக்குக் கை பழகிய புதிது. தலையில் கனம் வேறு. ஒரு முகாமுக்கு முப்பது லென்ஸ் நன்கொடையாக வந்தது. கொடுத்தவர்கள் மாலையில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. "முப்பது பேருக்கு முப்பது லென்ஸ்" என்று பேனரே எழுதிவிட்டார்கள்.

இருபத்தாறாவதோ இருபத்தேழாவதோ, ஒரு தறி நெய்பவர். அறுபது வயதிருக்கும். மற்றக் கண் சின்ன வயதிலேயே அடிபட்டுப் போனது. ஒற்றைக் கண்காரர். கொட்டையை எடுத்துவிட்டேன். மிச்சச் சதையை உறிஞ்சும்போது, குழாயின் துளையில் பின்சுவர் மாட்டியது. மாட்டினால் துளையைச் சுற்றிச் சிலந்திவலை போலக் கோடுகள் ஓடும். பார்த்த கணத்தில் உறிஞ்சுவதை நிறுத்தி, திரவத்தைப் பின்னோக்கித் தள்ளி விடுவிக்கணும். எனக்குத் தெரியும். கோடுகளைப் பார்த்தேன். அவசரத்தில் இழுத்தேன்.

கீழ்ப்பாதி கிழிந்தது. கருவியைச் சட்டென்று வெளியே எடுத்தேன்; அது இரண்டாவது தப்பு. கண் சுருங்கி, விட்ரியஸ் முன்னால் வந்தது. எப்படியோ சுத்தம் செய்தேன். அப்போது சிஸ்டர் மெதுவாகக் கேட்டார், "லென்ஸ் ஓப்பன் பண்ணவா சார், வேண்டாமா?"

அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குள்ளே ஒருவனுக்குத் தெரிந்திருந்தது. கீழே ஆதாரம் இல்லை. அவருக்கு மறு கண் இல்லாததால் பிம்பம் இரண்டாகத் தெரியும் தொல்லையும் இல்லை. முப்பது பேரில் சோடாபுட்டியோடு நன்றாகச் சமாளிக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். லென்ஸ் இல்லாமல் மூடியிருந்தால் போதும். நான் பேனரை நினைத்தேன். "ஓப்பன் பண்ணுங்க" என்றேன்.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தால் லென்ஸைக் காணோம். பின்னால் விட்ரியஸுக்குள் மூழ்கிவிட்டது. "தம்பி, படுத்தா கண்ணுக்குள்ள வட்டமா என்னமோ ஆடுது" என்றார். ஊசியால் குத்திப் புரையைக் கண்ணுக்குள்ளேயே தள்ளிவிடும் நாட்டு வைத்தியம் ஒரு காலத்தில் இங்கே இருந்தது. எழும்பூர் கண் மருத்துவமனைக்குத் தலைவராக இருந்த எலியட் அதன் கேடுகளைப் பற்றிப் புத்தகமே எழுதினார். மைக்ரோஸ்கோப்பும் நைலான் தையலும் வைத்துக்கொண்டு நான் செய்து முடித்ததும் ஏறக்குறைய அதையேதான்.

நான் அவரிடம், "கண்ணுல நீர் கோத்திருக்கு பெரியவரே, சொட்டு மருந்து போட்டாச் சரியாயிடும்" என்றேன். சொல்லிவிட்டு சீஃபிடம் போனேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அவர்கிட்ட என்ன சொன்னே?" சொன்னேன். "திரும்பப் போய் உண்மையைச் சொல்லிட்டு வா. அப்புறம் பேசலாம்."

போனேன். பை கிழிந்ததை, வைத்திருக்கக் கூடாத லென்ஸை வைத்ததை, அது உள்ளே விழுந்ததை, வேறு ஊரில் விழித்திரை டாக்டர் எடுக்க வேண்டும் என்பதை, செலவு அவருடையதல்ல என்பதை எல்லாம் சொன்னேன். கோபப்படுவார், அழுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதை நீங்களே செய்வீங்களா, வேற ஆளா?" என்று கேட்டார்.

"வேற ஆள்தான்."

"அப்பச் சரி" என்றார்.

எனக்கு வந்த பட்டம் பதக்கமெல்லாம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று என் மனைவிக்குத்தான் தெரியும். இந்த "அப்பச் சரி" மட்டும் எனக்குத் தெரிந்த இடத்தில் இருக்கிறது. லென்ஸை எடுத்துவிட்டார்கள். விழித்திரை தப்பியது. சோடாபுட்டியோடு மறுபடி தறியில் உட்கார்ந்தார்.

இன்று அதே நிலைமை வந்தால் என்ன செய்வேன் என்று இளைய மருத்துவர்கள் கேட்பார்கள். முதலில் கருவியை வெளியே எடுக்க மாட்டேன். இடக்கைத் துளை வழியே பசைத் திரவத்தை நிரப்பிக் கிழிசலை அடைத்துவிட்டு, அப்புறம்தான் எடுப்பேன். முன்னால் வந்த விட்ரியஸைப் பஞ்சால் தொட்டு இழுக்க மாட்டேன். அந்த இழுப்பு விழித்திரை வரை போகும். வெட்டும் கருவியால் வெட்டி எடுப்பேன். பிறகு கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் பார்ப்பேன், என்ன மிச்சம் என்று. முன்பக்கச் சன்னல் முழுசாக இருந்தால், மூன்று பாக லென்ஸின் கால்களை ஐரிஸுக்கும் பைக்கும் இடையில் வைத்து, நடுவட்டத்தைச் சன்னல் வழியே பின்னால் அழுத்திப் பொத்தான் போட்டது போல மாட்டுவேன். மாட்ட முடியாமல் அப்படியே முன்னால் நிற்குமானால் பவரில் அரையோ ஒன்றோ குறைக்கணும். ஒரே பாக அக்ரிலிக் லென்ஸை அந்த இடத்தில் வைக்கவே கூடாது. அதன் தடித்த கால் ஐரிஸை உரசிக்கொண்டே இருக்கும்.

ஆதாரமே இல்லை என்றால் ஐரிஸில் மாட்டும் லென்ஸ் இருக்கிறது. வெண்விழியில் தைக்கும் முறை இருக்கிறது. 2007இல் சென்னையில் அமர் அகர்வால் கொண்டு வந்த முறையில், லென்ஸ் காலை வெண்விழிச் சுரங்கத்தில் செருகித் திசுப் பசையால் மூடுகிறார்கள். ஜப்பானின் யமானே, ஊசி வழியே காலை வெளியே எடுத்து, நுனியைச் சூட்டில் உருக்கிக் குமிழாக்கி நிறுத்துகிறார். தையலும் வேண்டாம், பசையும் வேண்டாம். எல்லாம் அருமையான வேலை. ஆனால் இவை எதையும் அன்றே, அதே மேஜையில், கை நடுங்கும்போது செய்தாக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. கண்ணை மூடி, நோயாளியிடம் சொல்லி, ஒரு மாதம் கழித்து அதில் தேர்ந்த கையிடம் அனுப்பலாம். பதிவேட்டில் "லென்ஸ் வைக்கவில்லை" என்று எழுத இடம் இருக்கிறது. என் கீழ் வேலை பார்க்கும் பிள்ளைகள் அப்படி எழுதினால் நான் ஏன் என்று கேட்பதில்லை. வைத்தால்தான் கேட்பேன்.

நேரமாகிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு அறிவிப்போடு முடிக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் பிரிவின் பழைய வகுப்பறையில் இரண்டு மைக்ரோஸ்கோப் போட்டிருக்கிறேன். பிரியாணிக்கு ஆடு கொடுத்த அதே கடைக்காரரிடம் சொல்லி இருபது கண்கள் ஐஸில் வாங்கி வைத்தாயிற்று. ஆட்டின் லென்ஸ் உறை மனிதருடையதைவிடத் தடிப்பு, இழுவை அதிகம். வட்டம் வெளியே ஓடப் பார்க்கும். அதில் பழகினால் நல்லது. முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் தக்காளி இருக்கிறது, தோலை வட்டமாக உரித்துப் பாருங்கள். எத்தனை கிழித்தாலும் பரவாயில்லை. காலாவதியான லென்ஸ் ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறேன். எலும்பு டாக்டர்களும் வரலாம், ஆனால் சுத்தியல் கொண்டு வர வேண்டாம்.